கடலோரத்து இன்ஜினுக்கு யார் பொறுப்பு?

2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் அதிகமாக மழை கொட்டித் தீர்த்தது. தங்கச்சிமடம், பாம்பன், மண்டபம் எல்லாமே வெள்ளக்காடு. இப்படி ஒரு மழை ஓய்ந்ததும் வீட்டுக்குள் புகுந்த தண்ணீரை இறைப்பதுதான் முதல் வேலை. வாசலில் நிற்கும் காரை அப்போது யாரும் நினைப்பதில்லை. இரண்டு மூன்று நாள் கழித்து, அவசரமாக எங்கேயோ கிளம்பும்போது சாவியைப் போட்டுத் திருகுகிறார்கள். அந்த ஒரு திருகலில் லட்சக்கணக்கில் பணம் போய்விடும்.

சிலிண்டருக்குள் காற்று இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர் இருந்தால், மேலே ஏறும் பிஸ்டனால் அதை அமுக்க முடியாது. கனெக்டிங் ராடு வளையும். சில சமயம் உடைந்து, பிளாக்கைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். அந்த அளவுக்குப் போகாமல் தப்பினாலும், ஆயில் தேங்கும் சம்ப்புக்குள் இறங்கிய தண்ணீர் இன்ஜின் ஆயிலோடு கலந்திருக்கும். டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தால் பால் காபி நிறத்தில் ஆயில் ஒட்டிக்கொண்டு வரும். அந்த ஆயிலோடு ஓட்டினால் பேரிங்குகள் சீக்கிரமே உரசத் தொடங்கிவிடும்.

ஷோரூமுக்குக் கொண்டுபோனால், வெள்ளச் சேதம் வாரன்டியில் வராது என்பார்கள். அது உண்மைதான், புத்தகத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. இன்ஷூரன்ஸ் நிறுவனம் சீட், ஒயரிங், தரைவிரிப்புக்கெல்லாம் பணம் தரும். தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்ததால் உடைந்த இன்ஜினுக்கு, 'இன்ஜின் புரொடெக்ட்' என்ற கூடுதல் பாதுகாப்பை எடுத்திருந்தால்தான் பணம் கிடைக்கும். பிரீமியத்தில் சில ஆயிரம் மிச்சம் பிடிக்கப் பலரும் வேண்டாமென்று தள்ளும் பாதுகாப்பு அது. சென்னைக்காரர்கள் 2015 டிசம்பர் வெள்ளத்தில் இதைக் கற்றுக்கொண்டார்கள். கடலோரத்தில் வண்டி வைத்திருப்பவர் பாலிசியைப் புதுப்பிக்கும்போது முதலில் பார்க்க வேண்டிய வரி இதுதான். தண்ணீர் ஏறிய வண்டியில் செய்ய வேண்டியதும் ஒன்றே ஒன்று: பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, ரெக்கவரி வண்டி வரும்வரை சாவியைத் தொடாமல் இருப்பது.

வெள்ளம் என்றைக்கோ ஒருநாள் வருகிறது. உப்புக்காற்று தினமும் வீசுகிறது. ராமநாதபுரம் கடற்கரையில் இன்ஜின் ஆயில் பிரச்சினையோடு ஷோரூம் வாசலில் நிற்பவர்களின் வழக்கு பெரும்பாலும் இந்த உப்பிலிருந்துதான் தொடங்குகிறது.

பாலத்துக்கு ஒரு நியாயம், காருக்கு ஒரு நியாயம்

பாம்பன் சுற்றுவட்டாரம் உலகிலேயே அரிப்பு மிகுந்த இடங்களில் ஒன்று, அமெரிக்காவின் மயாமிக்கு அடுத்தபடியாகச் சொல்லத்தக்கது என்று பொறியாளர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், மண்டபம் கடற்கரையில் உலோகத் தகடுகளைக் காற்றிலும் நீரிலும் வைத்து, அவை எவ்வளவு வேகமாகத் தேய்கின்றன என்று அளந்து ஆய்வுகள் வெளியிட்டிருக்கிறது. 1914இல் திறந்த பழைய ரயில் பாலம் உப்போடு ஒரு நூற்றாண்டு போராடி, 2022 டிசம்பரில் ரயில் போக்குவரத்துக்கு விடைகொடுத்தது. 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளைப் போட்டு, பாலிசிலாக்சேன் என்ற சிறப்புப் பூச்சும் அடித்திருக்கிறார்கள். அரசாங்கம் இந்தக் காற்றை மதித்து, அதற்கேற்பப் பணம் செலவழித்துக் கட்டிய பாலம் அது.

அதே பாம்பனைச் சாலைப் பாலம் வழியாகத் தினமும் கடக்கும் கார், பூந்தமல்லியில் ஓடும் காரின் அதே சர்வீஸ் அட்டவணையோடு விற்கப்படுகிறது. வாரன்டிப் புத்தகத்தைப் புரட்டினால் கடலைப் பற்றி ஒரே ஒரு இடத்தில் பேச்சு வரும். 'பொறுப்பேற்காதவை' என்ற பட்டியலில், காற்றிலுள்ள உப்பு, சுற்றுச்சூழல் காரணங்கள், வெள்ளம் என்று பல நிறுவனங்கள் அடுக்கியிருக்கின்றன. விற்கும்போது ராமேஸ்வரம் முகவரியை வாங்கி, அந்த முகவரியிலேயே பதிவு செய்து கொடுத்துவிட்டு, பழுது வந்ததும் 'உங்கள் ஊர்க் காற்றுதான் காரணம்' என்று சொல்வது நியாயமில்லை. இந்தக் கட்டுரையின் வாதம் இதுதான். நிறுவனத்துக்கு எதிராக அதை நிறுவ வேண்டிய சுமை உரிமையாளர் தோளில் கிடக்கிறது. அந்தச் சுமையைத் தூக்க வழியும் இருக்கிறது.

முதலில் உப்பு எப்படி ஆயிலுக்குள் வருகிறது என்று பார்த்துவிடலாம். நேராக வருவது குறைவு. வண்டியின் முன்பக்கம் காற்றை எதிர்த்து நிற்பது ஏ.சி. கண்டென்சரும் அதன் பின்னால் ரேடியேட்டரும். அவற்றின் மெல்லிய அலுமினியத் தகடுகளில் உப்பு படிந்து, வெள்ளைப் பொடியாகி, தொட்டாலே உதிரும். ரேடியேட்டர் துளியாகக் கசியத் தொடங்கும். கூலன்ட் குறைகிறது என்று கண்டதும் பலரும் செய்வது, பக்கத்துக் குழாயிலோ போர்வெல்லிலோ தண்ணீர் பிடித்து ஊற்றுவது. ராமநாதபுரத்து நிலத்தடி நீர் எப்படிப்பட்டது என்று இந்த மாவட்டத்தில் குடம் தூக்கிய எவருக்கும் தெரியும். அந்த உப்புத் தண்ணீர் இன்ஜினுக்குள் ஓடும் நீர்வழிகளில் படிவை உண்டாக்கி, உள்ளேயிருந்தும் அரிக்கிறது. இன்ஜின் சூடேறுகிறது. ஒருநாள் ஹெட் கேஸ்கெட் போகிறது. கூலன்ட் ஆயிலில் கலக்கிறது. வெள்ளத்தில் நின்ற வண்டியில் பார்த்த அதே பால் காபி நிறம், ஒரு சொட்டு மழை இல்லாத மே மாதத்தில் டிப்ஸ்டிக்கில் தெரிகிறது. ஷோரூமில் கூலன்ட்டைச் சோதித்துவிட்டு, 'நிறுவனம் சொன்ன கூலன்ட் இல்லை, வாரன்டி கிடையாது' என்று ஜாப் கார்டில் எழுதிவிடுவார்கள். ஒரு லிட்டர் கூலன்ட்டின் விலையை நினைத்தால் வயிறு எரியும்.

இன்னொரு வழி சம்ப். பல வண்டிகளில் ஆயில் தேங்கும் சம்ப் வெறும் இரும்புத் தகடு. தனுஷ்கோடியின் அரிச்சல்முனைக்குப் போய்வரும் வண்டியின் அடியில் ஈர மணலும் உப்பும் அப்பிக்கொள்கின்றன. பெயின்ட் உரிந்த இடத்தில் துரு பிடித்து, டிரெய்ன் போல்ட்டைச் சுற்றி ஆயில் வியர்க்கும். வாட்டர் சர்வீஸ் கடைகளில் இதற்கு மருந்தாக அடியில் பழைய ஆயிலை ஸ்பிரே அடிப்பார்கள். அது ரப்பர் புஷ்களை ஊறவைத்து உப்பச் செய்யும், மணலை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். நல்ல தண்ணீரால் அடிப்பக்கத்தைக் கழுவி, காயவைத்து, மெழுகு சேர்ந்த அரிப்புத் தடுப்புப் பூச்சு அடிப்பதுதான் சரி.

ஓடாத கிலோமீட்டர்

தனுஷ்கோடிச் சாலை 2017 ஜூலையில் திறக்கப்பட்டது. முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை 9.5 கிலோமீட்டர். அதற்கு முன்னால் மணலில் வேன்களும் ஜீப்புகளும் மட்டும் போன இடத்துக்கு, இன்று எல்லா ஊர் நம்பர் பிளேட்டும் வந்து சேர்கிறது. மே மாத மத்தியானத்தில் அந்த முனையில் நின்று பார்த்தால், சாலையோரம் வரிசையாக நிற்கும் டாக்சிகளில் பாதி ஏ.சி.யோடு ஓடிக்கொண்டிருக்கும். குடும்பம் கடலைப் பார்க்கப் போயிருக்கும். வயதானவர் ஒருவர் பின்சீட்டில் உட்கார்ந்திருப்பார். அவருக்காக இன்ஜின் ஓட வேண்டும். கோதண்டராமர் கோயில், வில்லூண்டி தீர்த்தம், ராமர் பாதம், பேக்கரும்பில் கலாம் நினைவிடம் என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் இதேதான் நடக்கிறது.

ஓடோமீட்டருக்கு இது தெரியாது. வண்டி நகரவில்லை என்றால் அதன் கணக்கில் எதுவும் நடக்கவில்லை. ஆனால் ஆயில் அத்தனை நேரமும் சுடச்சுடச் சுற்றிக்கொண்டிருக்கிறது, எரிபொருள் கசடை விழுங்கிக்கொண்டிருக்கிறது. ஃபோர்டு நிறுவனம் தன் வண்டிகளுக்கு ஒரு மணி நேர ஐட்லிங்கை 33 மைல், அதாவது சுமார் 53 கிலோமீட்டர் ஓட்டத்துக்குச் சமமாகக் கணக்கு வைத்திருக்கிறது. அந்தக் கணக்கை ராமேஸ்வரத்து டாக்சிக்குப் போட்டுப் பாருங்கள். தினம் நான்கு மணி நேரம் நின்ற இடத்தில் ஓடினால், மாதம் 25 நாளில் 5,000 கிலோமீட்டருக்கு மேல் 'ஓடாத கிலோமீட்டர்' சேர்ந்துவிடும். பத்தாயிரத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றினால் போதும் என்று அட்டவணை சொல்கிறது. அந்தப் பத்தாயிரம் ஓடோமீட்டரில் வருவதற்கு முன்பே ஆயில் எப்போதோ செத்திருக்கும்.

இதற்கு ஓனர் கையேட்டிலேயே விடை இருக்கிறது, யாரும் படிப்பதில்லை. 'கடினமான பயன்பாடு' என்று தனியாக ஒரு பகுதி கிட்டத்தட்ட எல்லாக் கையேட்டிலும் உண்டு. அடிக்கடி குறுகிய தூரம் ஓட்டுவது, நீண்ட நேர ஐட்லிங், புழுதியும் மணலும், உப்பு படியும் இடங்கள், டாக்சிப் பயன்பாடு, கடும் வெயிலில் நெரிசல். இவற்றில் ஏதாவது ஒன்று பொருந்தினாலே ஆயில் மாற்றும் இடைவெளியைப் பெரும்பாலும் பாதியாகக் குறைக்கச் சொல்வார்கள். ராமேஸ்வரத்துக்கு அந்தப் பட்டியல் முழுவதுமே பொருந்துகிறது. வண்டியை டெலிவரி கொடுக்கும்போது மாலை போட்டு, சாவி கொடுத்து, போட்டோ எடுக்கும் நேரத்தில் இந்தப் பக்கத்தை விரித்துக் காட்ட ஒரு நிமிடம் போதும். பின்னால் இன்ஜின் பழுதாகி வரும்போது 'கடினமான பயன்பாட்டு அட்டவணையை நீங்கள் பின்பற்றவில்லை' என்று அதே பக்கத்தைக் காட்டுகிறார்கள் என்றால், அதை முன்பே சொல்லாதது ஒரு சேவைக் குறைபாடுதான்.

டீசல் கார் வைத்திருப்பவர்களுக்கு 2020 ஏப்ரல் 1க்குப் பிறகு ஒரு புதுத் தலைவலி. அன்று நாடு முழுக்க பி.எஸ்.6 விதி வந்தது. டீசல் வண்டிகளின் புகைவழியில் கரியைப் பிடித்து வைக்கும் டி.பி.எஃப். என்ற வடிகட்டி வந்தது. பிடித்த கரியை அது அவ்வப்போது எரித்துத் தீர்க்க வேண்டும். அதற்குச் சுமார் 600 டிகிரி சூடு வேண்டும். அந்தச் சூட்டுக்காகப் பல இன்ஜின்கள் எரிப்பு முடிந்த பிறகும் சிலிண்டருக்குள் கூடுதலாக டீசலைப் பீய்ச்சுகின்றன. அதில் கொஞ்சம் சிலிண்டர் சுவரில் வழிந்து, பிஸ்டன் ரிங்கைத் தாண்டி, கீழே ஆயிலில் இறங்குகிறது. வண்டி 60 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் இருபது நிமிடம் போல விடாமல் ஓடினால் எரிப்பு ஒழுங்காக முடியும். ராமேஸ்வரம் தீவுக்குள்ளேயே சந்நிதித் தெருவுக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் ஓடும் வண்டியில் அது தொடங்கும், பாதியில் நிற்கும், மறுபடி தொடங்கும். ஒவ்வொரு முறையும் டீசல் ஆயிலில் சேர்ந்துகொண்டே போகும்.

அப்போதுதான் டிப்ஸ்டிக் ஒரு விசித்திரம் காட்டும். ஆயில் குறைவதற்குப் பதிலாகக் கூடியிருக்கும். மேல்கோட்டைத் தாண்டி நிற்கும். 'ஆயில் குறையவே இல்லை, நல்ல வண்டி' என்று சந்தோஷப்படுபவர்கள் உண்டு. விரலில் தொட்டுத் தேய்த்தால் வழுவழுப்பு இல்லாமல் தண்ணீர் போல ஓடும், டீசல் வாடை அடிக்கும். அந்த ஆயிலால் பேரிங்கைக் காப்பாற்ற முடியாது. தீவுக்குள் டீசல் கார் வைத்திருப்பவர், வாரம் ஒருமுறையாவது பாலம் தாண்டி மண்டபம், உச்சிப்புளி வழியாக ராமநாதபுரம் வரை ஒரே ஓட்டமாகப் போய்வருவது இன்ஜினுக்கு நல்லது. தேசிய நெடுஞ்சாலை 87 அதற்குத் தோதான சாலை.

கெட்டி ஆயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. அம்பாசடர் காலத்திலிருந்து வரும் நம்பிக்கை இது: வெயில் ஊருக்குக் கெட்டியான ஆயில்தான் நல்லது. கையேட்டில் 0டபிள்யூ-20 என்று போட்டிருக்கும். கடையில் 20டபிள்யூ-40 வாங்கி ஊற்றிவிடுவார்கள். இன்றைய இன்ஜின்களில் பேரிங் இடைவெளி மிகக் குறைவு. வால்வு டைமிங்கை இயக்குவதும், பல வண்டிகளில் டர்போவைக் குளிர்விப்பதும் இதே ஆயில்தான். கெட்டியான ஆயில் அந்த நுண்ணிய வழிகளில் நேரத்துக்குப் போய்ச் சேராது. வெளியே 38 டிகிரி அடித்தாலும் இன்ஜினின் வெப்பத்தைத் தெர்மோஸ்டாட்தான் கட்டுப்படுத்துகிறது. ஆயில் எண்ணின் பின்பாதி, 100 டிகிரி சூட்டில் அது எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பதைக் குறிப்பது. இன்ஜினை வடிவமைத்தவர் அந்தக் கணக்கை ஏற்கெனவே போட்டுவிட்டார். தவறான கிரேடு ஊற்றிய வண்டிக்கு வாரன்டி மறுத்தால் உரிமையாளர் பக்கம் நியாயம் பேசுவது கடினம்.

'நார்மல்தான் சார்'

எல்லாம் ஒழுங்காகச் செய்தும் வண்டி ஆயில் குடித்தால்? ஷோரூமில் வரும் முதல் பதில் 'கொஞ்சம் குடிக்கத்தான் செய்யும், நார்மல்தான் சார்' என்பது. இதில் ஓரளவு உண்மை உண்டு. எல்லா இன்ஜினும் கொஞ்சம் ஆயிலை எரிக்கும். ஆனால் எவ்வளவு கொஞ்சம்? ஆயிரம் கிலோமீட்டருக்கு அரை லிட்டர் வரை இயல்பு என்று எழுதிவைத்திருக்கும் நிறுவனங்கள் உண்டு. அந்தக் கணக்குப்படி பத்தாயிரம் கிலோமீட்டரில் ஐந்து லிட்டர் தீர்ந்துபோகும். சின்ன பெட்ரோல் காரின் சம்ப்பில் இருப்பதே மூன்றரை லிட்டர் அளவுதான். 'இயல்பு' என்று சொல்லும் அளவை நம்பி அடுத்த சர்வீஸ்வரை காத்திருந்தால் சம்ப் வறண்டுவிடும். சிவப்பு ஆயில் விளக்கு எரியட்டும் என்று காத்திருப்பதும் ஆபத்து. அது அழுத்தம் விழுந்துவிட்டதைக் காட்டும் விளக்கு. அது எரியும்போது பேரிங் ஏற்கெனவே காய்ந்திருக்கும். வண்டியை அந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும்.

'நார்மல்' என்ற பதிலை உரிமையாளர்கள் ஒன்றுசேர்ந்து உடைத்த வரலாறு இருக்கிறது. டொயோட்டா கேம்ரியின் 2.4 லிட்டர் பெட்ரோல் இன்ஜின் அமெரிக்காவில் ஆயில் குடித்தது. பிஸ்டன், ரிங் வடிவமைப்பில் கோளாறு. புகார்களும் வழக்குகளும் குவிந்த பின், 1,200 மைலுக்கு ஒரு குவார்ட், அதாவது சுமார் 1,900 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு லிட்டருக்கு மேல் குடிக்கும் வண்டிகளுக்குப் பிஸ்டனும் ரிங்கும் இலவசமாக மாற்றிக் கொடுத்தது நிறுவனம். சுபாரு 2016இல் ஒரு கூட்டு வழக்கில் சமரசத்துக்கு வந்து, ஆயில் குடிக்கும் வண்டிகளுக்கு வாரன்டியை எட்டு ஆண்டு, ஒரு லட்சம் மைல் என்று நீட்டியது. ஹூண்டாயின் 'தீட்டா 2' இன்ஜினில் தயாரிப்பின்போது கிராங்க் ஷாஃப்டில் தங்கிய உலோகத் துகள்கள் ஆயில் வழியை அடைத்து, ஓடும் வண்டிகளில் இன்ஜின் சீஸ் ஆனது. அதை வெளியே சொன்ன அந்த நிறுவனத்தின் பொறியாளர் கிம் குவாங் ஹோவுக்கு, 2021 நவம்பரில் அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பு 2.4 கோடி டாலருக்கு மேல் வெகுமதி கொடுத்தது. இங்கேயும் ஒரு சம்பவம் உண்டு: 2021இல் மஹிந்திரா, நாசிக் ஆலைக்கு வந்த கலப்பட எரிபொருளால் இன்ஜின் உள்பாகங்கள் தேய்ந்திருக்கலாம் என்று, 600க்கும் குறைவான டீசல் வண்டிகளைத் தானாகவே திரும்ப அழைத்துச் சோதித்தது.

நம் ஊர் ஷோரூமில் கேட்க வேண்டியது ஆயில் கன்சம்ப்ஷன் டெஸ்ட். பழைய ஆயிலை வடித்துவிட்டு, அளந்து புது ஆயில் ஊற்றி, மூடி, டிப்ஸ்டிக், டிரெய்ன் போல்ட் மூன்றையும் சீல் வைத்து அனுப்புவார்கள். ஆயிரம் கிலோமீட்டர் ஓடித் திரும்பியதும் மறுபடி அளப்பார்கள். ராமேஸ்வரத்துக்காரருக்கு இதன் பொருள், பெரிய ஷோரூம் இருக்கும் மதுரைக்கு இரண்டு முறை போய்வருவது. ஒரு வழிக்கே சுமார் 170 கிலோமீட்டர். டாக்சி ஓட்டுபவருக்கு ஒவ்வொரு பயணமும் ஒருநாள் வருமானம். இந்தத் தூரத்தாலேயே பலர் டாப்-அப் ஊற்றிச் சமாளித்து வாரன்டிக் காலத்தைக் கடத்திவிடுகிறார்கள். நிறுவனங்களுக்கு அது லாபம். புகாரே வராத பழுது அவர்கள் கணக்கில் இல்லாத பழுது.

ஆயிலை வடிப்பதற்கு முன்னால்

இன்ஜின் நின்றுபோன வண்டி ஷோரூமுக்குள் நுழைந்ததும் நடக்கும் முதல் காரியம், ஆயிலை வடிப்பது. அதோடு முக்கியமான சாட்சி கழிவு டிரம்முக்குள் போய்விடுகிறது. இங்கேதான் உரிமையாளர் விழிப்பாக இருக்க வேண்டும். இன்ஜினைப் பிரிப்பதற்கு முன், தன் முன்னிலையில் இரண்டு சுத்தமான பாட்டில்களில் ஆயில் மாதிரி எடுத்து, சீல் வைத்து, இரு தரப்பும் கையெழுத்திட்டு, ஒன்றைத் தன்னிடம் தரச் சொல்லி எழுத்தில் கேட்க வேண்டும். வாட்ஸ்ஆப் போதாது, மின்னஞ்சல் அனுப்புங்கள்.

அந்த ஒரு பாட்டில் நிறையச் சொல்லும். ஆய்வகத்தில் இரும்பு, அலுமினியம், செம்பு அளவுகளைப் பார்த்தால் எந்தப் பாகம் தேய்ந்தது என்று புரியும். சிலிக்கன் கூடியிருந்தால் மணலோ புழுதியோ உள்ளே போயிருக்கிறது, ஏர் ஃபில்டர் பக்கம் பார்க்க வேண்டும். சோடியத்தோடு கிளைக்கால் இருந்தால் கூலன்ட் கலந்திருக்கிறது. சோடியத்தோடு மக்னீசியமும் குளோரைடும் சேர்ந்து ஏறியிருந்தால் கடல்நீரைச் சந்தேகிக்கலாம். டீசல் எத்தனை சதவீதம் கலந்திருக்கிறது என்பதும் தெரியும். 'வெளிக் காரணம்' என்று ஷோரூம் சொல்வது உண்மையா, தயாரிப்புக் கோளாறா என்பதற்கு வாய்ப்பேச்சை விட நம்பகமான பதில் இதுதான். கூடவே ஜாப் கார்டின் நகல், இன்ஜினின் கணினியான இ.சி.யூ.வில் பதிவான கோளாறுக் குறியீடுகளின் அச்சு, வாரன்டி மறுப்புக்கான காரணம் எழுத்தில், இவ்வளவும் வேண்டும். ஆயில் வாங்கிய பில்லையும் காலி டப்பாவின் பேட்ச் எண்ணையும் போட்டோ எடுத்து வைத்திருப்பது, போலி ஆயில் என்ற குற்றச்சாட்டுக்குப் பதிலாக இருக்கும்.

வேலை முடிந்து வண்டியை எடுக்கும்போது திருப்திக் கடிதத்தில் கையெழுத்து கேட்பார்கள். சில நேரம் 'குட்வில்' என்று பாதிச் செலவை நிறுவனம் ஏற்கும், பதிலுக்கு இனி உரிமைகோர மாட்டேன் என்று எழுதி வாங்கும். வண்டி அவசரமாகத் தேவைப்பட்டால், 'ஆட்சேபத்துடன் பெற்றுக்கொள்கிறேன்' என்று கையெழுத்துக்கு மேலே எழுதிவிட்டுப் போடுங்கள்.

வெளியே சர்வீஸ் செய்ததால் மொத்த வாரன்டியும் போய்விட்டது என்று சொன்னால் நம்ப வேண்டியதில்லை. இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25 அன்று 14 கார் நிறுவனங்களுக்கு ரூ.2,544 கோடிக்கு மேல் அபராதம் விதித்த உத்தரவில், தனியார் மெக்கானிக்கிடம் போனார் என்ற ஒரே காரணத்துக்காக வாரன்டியை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யும் நிபந்தனை கூடாது என்றது. வெளியே நடந்த தவறான வேலையால் வந்த சேதத்தின் அளவுக்கு மட்டுமே மறுக்கலாம் என்றும் சொன்னது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. ஆனால் அந்த வாதம் நியாயமானது, நுகர்வோர் ஆணையத்தில் எடுத்துவைக்கத் தகுந்தது. தங்கச்சிமடத்து மெக்கானிக் பிரேக் பேடு மாற்றியதற்கும் இன்ஜின் ஆயில் குடிப்பதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க உரிமையாளருக்கு உரிமை உண்டு.

2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கடலோரத்துக்காரர்களுக்கு ஒரு பெரிய உதவி செய்திருக்கிறது. காரை மதுரையில் வாங்கியிருந்தாலும், நிறுவனத்தின் தலைமையகம் எந்த ஊரில் இருந்தாலும், புகார்தாரர் குடியிருக்கும் இடத்தின் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். வண்டிக்குக் கொடுத்த விலை 50 லட்சத்துக்குள் இருந்தால் மாவட்ட ஆணையம்தான். கட்டணம் ஐந்து லட்சம் வரை இல்லை, பத்து லட்சம் வரை 200 ரூபாய், இருபது லட்சம் வரை 400 ரூபாய். காரணம் எழுந்ததிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும். பொருளைச் சோதிக்காமல் குறைபாட்டைத் தீர்மானிக்க முடியாது என்றால், ஆணையமே மாதிரியைச் சீல் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்பி 45 நாளில் அறிக்கை கேட்கலாம். நீங்கள் எடுத்துவைத்த அந்தப் பாட்டிலின் மதிப்பு அப்போது புரியும். வழக்குக்கு முன்னால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவதும் பலன் தரும்.

எதிர்பார்ப்பு அளவோடு இருக்கட்டும். மாருதி உத்யோக் எதிர் சுஷீல் குமார் கப்கோத்ரா வழக்கில் 2006இல் உச்ச நீதிமன்றம், வாரன்டியின் கடமை கெட்ட பாகத்தை மாற்றித் தருவதுதான், காரையே மாற்றித் தருவது இல்லை என்றது. அதே நீதிமன்றம் 2010இல் ஒரு ஃபியட் கார் வழக்கில், சுதந்திரமான நிபுணர் தயாரிப்புக் குறைபாடு என்று சொன்னால் விலையை 12 சதவீத வட்டியோடு திருப்பித் தர வேண்டும் என்றது. இரண்டுக்கும் நடுவில் இருப்பது நிபுணர் அறிக்கை. இன்னொன்று, டீலரையும் தயாரிப்பு நிறுவனத்தையும் சேர்த்தே எதிர்தரப்பாக்குங்கள். டீலர் செய்த தவறுக்கு நிறுவனம் தானாகப் பொறுப்பாகிவிடாது என்று 2021இல் டாடா மோட்டார்ஸ் வழக்கில் தீர்ப்பு இருக்கிறது.

மஞ்சள் போர்டு வண்டிக்காரர்களிடம் 'நீங்கள் வியாபாரத்துக்கு வாங்கியவர், நுகர்வோர் இல்லை' என்று சொல்வார்கள். பிழைப்புக்காகத் தானே ஓட்டும் வண்டி என்றால் அது தவறு. கோவை பி.எஸ்.ஜி. நிறுவனம் எதிர்தரப்பாக இருந்த லக்ஷ்மி இன்ஜினியரிங் வழக்கில் 1995லேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது: தன் பிழைப்புக்காகத் தானே ஓட்ட ஆட்டோவோ காரோ வாங்குபவர் நுகர்வோர்தான். நான்கைந்து வண்டி வாங்கி டிரைவர் போட்டு ஓட்டுபவருக்கு மட்டும் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. வெள்ளை போர்டு வண்டியைச் சவாரிக்கு விடுபவர் வாரன்டியையும் இன்ஷூரன்ஸையும் தானாகவே ஆபத்தில் தள்ளுகிறார்.

தனித்தனியாக வெல்வதைத் தாண்டி ஒன்று செய்ய வேண்டியிருக்கிறது. 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தில், குறைபாடுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்க அரசே உத்தரவிடும் அதிகாரம் வந்தது. 2021 ஏப்ரல் முதல் அதற்கான விதிகள் நடப்பில் இருக்கின்றன. ஏழு ஆண்டுக்கு உட்பட்ட வண்டியின் பாதுகாப்புக் குறைபாட்டை உரிமையாளர் வாகன் இணையதளத்தில் பதியலாம். ஒரே மாடலுக்கு எதிரான புகார்கள் ஒரு வரம்பைத் தாண்டினால் விசாரணை வரும். ஆயில் பிரச்சினையை வெறும் 'சர்வீஸ் குறை' என்று பதிந்தால் அது அந்தக் கணக்கில் சேராமல் போகலாம். ஓடும்போதே இன்ஜின் சீஸ் ஆகியிருந்தால் எங்கே, எந்த வேகத்தில், பின்னால் எந்த வண்டி வந்தது என்பதையெல்லாம் எழுதுங்கள். பாம்பன் சாலைப் பாலம் 2.3 கிலோமீட்டர் நீளம், போக ஒன்று வர ஒன்று என இரண்டே தடம். அதன் நடுவில் பஸ்ஸுக்கு முன்னால் செத்து நிற்கும் கார் பாதுகாப்புக் குறைபாடுதான், புகாரில் அந்தச் சொல்லையே போடுங்கள்.